அடிமுதல் முடிவரை தெளிந்த மாதா

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, நாரந்தனைத் தீவகத் தொன்மைக் காட்சியகத்தில் யானைத் தந்தத்தில் செதுக்கிய மாதா சிலையைக் காணவில்லை. கண்ணாடிப் பெட்டி உடைந்து கிடந்தது. காட்சியகம் என்பது இரண்டு அறையும் வவ்வால் நாற்றமும். அதற்குத் தலைவர், காப்பாளர், போஷகர், வரலாற்றுச் செம்மல் எல்லாம் இராசநாயகம் ஒருவரே. ஆண்டு 1983, பங்குனி மாதம்.

மீன்பிடிக்கும் யாகப்பு தரையில் குந்தியிருந்தான். சார்ஜன்ட் சிவபாதம் கேட்டார்:

"நேத்து ஏன் இஞ்ச வந்தனீ?"

"பூசை முடிஞ்சு மாதாவைக் கும்பிட, ஐயா. எங்கட பூட்டன்ர சிலை. காட்சிக்கு இரவலாத் தந்தனாங்கள். வாற மாசத் திருநாளுக்குத் திருப்பிக் கேட்டனான்."

"இவர் தந்தவரோ?"

"யோசிப்பம் எண்டவர்."

"கேட்டான், கிடைக்கவில்லை, திருடிவிட்டான்," என்றார் இராசநாயகம், சால்வையைச் சரிசெய்தபடி. வீட்டிலும் மேடைத்தமிழ்தான் அவருக்கு. "சனிக்கிழமை சிலை இங்கே இருந்தது. அதற்கு இந்தப் பிள்ளையே சாட்சி. படமும் பிடித்திருக்கிறாள்."

வாசலில் பொலிஸ் ஜீப் நின்றது. அதில் ஏறினவன் தன் காலில் நடந்து வீடு வந்த கதை தீவில் எவருக்கும் தெரியாது. யாகப்பு அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

'பிள்ளை' என்று சாட்சிக்கு அழைத்துவரப்பட்ட ஞானசவுந்தரிக்கு நாற்பது வயது. ஊர்காவற்றுறையில் ஸ்டூடியோ நடத்துகிறவள். புதிதாக வாங்கிய ஐம்பது மில்லிமீற்றர் லென்சைச் சோதிக்கத்தான் சனிக்கிழமை இங்கு வந்தாள். ஒன்று தசம் நாலுக்குத் திறக்கிற லென்ஸ். அரையிருட்டையும் உறிஞ்சிக் குடிக்கும்.

அரையிருட்டுக்கு இங்கே பஞ்சமில்லை. சன்னல்கள் சாத்தியிருந்தன. ஒரே ஒரு மங்கல் பல்ப். பிளாஷ் போடக்கூடாது, "ஒளி பட்டால் வரலாறு இறந்துவிடும்." முக்காலி வைக்கக்கூடாது, நிலம் கீறுப்படுமாம். மாதாவுக்கு முன்னால் குறுக்கே கயிறு. அவள் முழங்கைகளை விலாவோடு இறுக்கி, மூச்சை அடக்கி, கையில் பிடித்தபடியே இரண்டு படம் எடுத்தாள். ஒன்று பழைய மண்பானை. மற்றது மாதா.

அந்த இரண்டு படமும் இப்போது பையில் இருந்தன. விடியற்காலையில் அவற்றைப் பார்த்து லென்ஸ்காரனைத் திட்டியிருந்தாள். பானையின் முன்விளிம்பு கூராக, பின்விளிம்பு புகையாக விழுந்திருந்தது. மாதாவோ நீட்டிய குழந்தைக் கை, மூக்கு, பின்னால் விரிந்த முக்காடு என்று எல்லாமே கூர்.

அவள் உடைந்த பெட்டிக்குள் தலையை விட்டாள். கரப்பான் எச்சம். புளித்த மாப்பசை வாடை.

"ஐயா, இந்தக் கயிறு எப்ப கட்டினது?"

"சென்ற ஆண்டு."

"சன்னல் சாத்தினது?"

"அதே மாதம். பாதுகாப்பு விதி."

"யாற்ற விதி?"

"என்னுடைய விதி."

"அந்த மாசந்தான் ஆண்டு மலர் போடப்போறன் எண்டு மாதாவை என்னட்டைப் படம் எடுப்பிச்சனீங்கள். சிலையின்ர அளவிலேயே பெருப்பிச்சுத் தரச் சொன்னீங்கள். மலர் வந்ததோ?"

"அச்சகத்தில் தாமதம்."

ஞானசவுந்தரி படங்களைச் சார்ஜன்டிடம் நீட்டினாள். "இந்த லென்ஸ் முழுக்கத் திறந்தா, கிட்ட நிண்டு எடுக்கேக்க ஒரு அங்குலந்தான் தெளிவா விழும். பானையைப் பாருங்கோ. மாதாவின்ர பிள்ளை முக்காட்டுக்கு நாலு அங்குலம் முன்னால இருக்கிறார். இரண்டும் ஒரேயடியாத் தெளிய ஏலாது. தெளிஞ்சுது எண்டா இரண்டும் ஒரே மட்டத்தில இருந்தது."

"எண்டா?"

"சிலை இல்லை, தட்டை. மட்டையில ஒட்டி வெட்டின படம். தந்த நிறம் வரத் தேயிலைத் தண்ணி பூசியிருப்பார். பக்கத்தால பார்த்தா பிடிபடும் எண்டு கயிறு. வெளிச்சத்தில பார்த்தா பளபளக்கும் எண்டு இருட்டு. தந்தத்தைக் கரப்பான் தின்னாது சார்ஜன்ட், பசையைத் தின்னும்."

"அபாண்டம்!" என்றார் வரலாற்றுச் செம்மல்.

அவள் பெட்டியின் அடிப்பலகையை நகத்தால் சுரண்டினாள். அவசரத்தில் பிய்த்த மட்டையோடு வராமல், பசையில் ஒட்டி நின்ற படக்கடுதாசித் துண்டொன்று உரிந்து வந்தது. அதன் பின்புறத்தில் அவளுடைய ஸ்டூடியோ முத்திரை பாதி தெரிந்தது.

இராசநாயகம் உட்காரக் கதிரையைத் தேடினார். சிலை போன வருடமே கொழும்பு ஹோட்டல் முதலாளி ஒருவரிடம் போய்விட்டதாம். திருநாளுக்கு யாகப்பு கேட்டதும் வேறு வழியில்லாமல் கண்ணாடியை உடைத்து, மட்டையை அடுப்பில் போட்டாராம். மேடைத்தமிழ் எங்கேயோ போய்விட்டது.

யாகப்பு மெல்ல எழும்பினான். "அக்கா, அப்ப நான் ஒரு வருஷமாக் கும்பிட்டது?"

"என்ர கடையில கழுவின கடுதாசி, யாகப்பு."

"என்ர மகள் பெட்டைக்கு மஞ்சட்காமாலை வந்தநேரம் இதுக்கு முன்னாலதான் முழங்காலில நிண்டனான். சுகம் வந்தது."

இராசநாயகத்தின் முகம் மலர்ந்தது. "கேட்டீரோ சார்ஜன்ட்! அருள் தந்தத்தில் இல்லை, பக்தியில் இருக்கிறது. சமூகத்துக்கு இழப்பேதும் இல்லை!"

யாகப்பு கிட்டப் போனான். தொண்டையைச் செருமி, வாயிலிருந்த வெற்றிலைச் சாறு முழுவதையும் அந்த வெள்ளைச் சால்வையில் துப்பினான்.

"இதையும் கண்ணாடிப் பெட்டியில வையுங்கோ, ஐயா."

சார்ஜன்ட் அதை எழுதவில்லை. செம்மலை ஜீப்பில் ஏற்றினார்.