சுழலாத ஒன்று

வளவு முற்றத்தில் எல்லாம் சுற்றியது. மூன்றாவது தூணோரம் நின்றது மட்டும் சுற்றவில்லை.

மீனம்மாள் விளக்குமாற்றைப் போட்டுவிட்டுத் தரையோடு தரையாகக் கிடந்தாள். இடது காதுக்குள் மாவுமில் ஓடுவதுபோல இரைச்சல். கன்னத்துக்கடியில் ஆத்தங்குடிக் கல்லின் சிவப்பும் பச்சையும் ஒன்றையொன்று துரத்த, தேக்குத் தூண்கள் ராட்டினம்போல ஓடிக்கொண்டே இருந்தன. அந்த ஓட்டத்துக்கு நடுவே ஆளுயரத்துக்கு, நனைந்த சாக்கைத் தொங்கவிட்டதுபோலக் கறுப்பாக ஒன்று. அசையாமல். வாந்தியெடுத்து ஓய்ந்தபோது தூண்கள் நின்றன. அங்கே எதுவும் இல்லை.

வலையபட்டியில் பூட்டிக் கிடக்கும் அந்தப் பெரிய வீட்டுக்கு அவள் புருஷன் மருதுதான் காவல். வீட்டுக்காரர்கள் சிங்கப்பூரில், பின்கட்டு அறையில் இவர்கள் இருவர் மட்டும். மீனம்மாளுக்குப் பள்ளிக்கூடத்தில் சத்துணவுச் சமையல். போன மாதம் கொதிக்கிற சோற்று அண்டாவின்மேலேயே சாய்ந்தாள். உதவியாள் கையைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் முகம் வெந்திருக்கும். குணமாகிற வரைக்கும் வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

காரைக்குடியில் காது டாக்டரம்மா சோதித்துப் பார்த்தார். "உள்காதுல நீர் அழுத்தம் கூடியிருக்கும்மா. பீட்டாஹிஸ்டின் எழுதியிருக்கேன், மூணு வேளை, சாப்பாட்டுக்கு அப்புறம். உடனே கேக்காது, சில வாரம் ஆகும். உப்பைக் குறைங்க. சுத்தும்போது அசையாத ஒண்ணைப் பாத்துக்கிட்டே இருங்க."

"அசையாம ஒண்ணு நிக்குது டாக்டர்..."

மருது குறுக்கிட்டான். "சரியாத் தூங்குறதில்லங்க. என்னென்னமோ தெரியுதுங்குறா."

மாத்திரை வேலை செய்தது. தினமும் வந்த சுற்றல் வாரத்துக்கு ஒன்றாகக் குறைந்தது. ஆனால் வந்த ஒவ்வொரு முறையும் அது இன்னும் கிட்டே வந்திருந்தது. சமையற்கட்டு வாசல். பிறகு அறைக்குள். பிறகு கட்டிலின் கால்மாடு. அவ்வளவு பக்கத்தில்தான் தெரிந்தது, அதற்கு முகம் ஒன்று உருவாகிக்கொண்டிருப்பது. மூக்குக்கு ஒரு மேடு, வாய்க்கு ஒரு பள்ளம்.

அப்புறம் சுற்றல் அடியோடு நின்றுபோனது. ஒரு வாரம். பத்து நாள்.

"இனிமே வேலைக்குப் போயிரலாம் மீனா," என்று மருது சிரித்தான். இப்போதெல்லாம் வேளை தவறாமல் மாத்திரையும் செம்புத் தண்ணீரும் அவனே கொண்டுவந்தான்.

அவளுக்குச் சோறு இறங்கவில்லை. எல்லாமே அசையாமல் நிற்கிற வீட்டில், அது எது? கொடியில் தொங்கும் போர்வையா? அலமாரியா? கதவுக்குப் பின்னாலிருக்கும் இருட்டா? ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தாள். தொட்டது போர்வைதானா என்று கையை முகர்ந்து பார்த்தாள். ஒருவேளை போய்விட்டதோ என்னவோ. சுற்றினால்தான் தெரியும்.

மறுநாளிலிருந்து மாத்திரையை நாக்குக்கடியில் ஒதுக்கி, அவன் நகர்ந்ததும் சாக்கடையில் துப்பினாள். கருவாட்டைச் சுட்டுத் தின்றாள். ஊறுகாயை வெறுமனே வழித்து நக்கினாள். உதடு உப்பில் வெடித்தது. எந்த நோயிலிருந்து தப்பிக்க எட்டு மாதம் சாமி கும்பிட்டாளோ, அந்த நோயையே இப்போது வா வா என்று கெஞ்சினாள்.

நான்காம் நாள் பட்டப்பகல் மூன்று மணிக்குக் காது அடைத்தது. இரைச்சல். கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

சுற்றியது.

போர்வை சுற்றியது. அலமாரி சுற்றியது. கதவும் அதன் இருட்டும் சுற்றின. கால்மாட்டில் எதுவுமில்லை. கட்டிலிலிருந்து உருண்டு, சுவரைத் தடவித் தடவி வளவுவரை தவழ்ந்து போனாள். தூண்கள் ஓடின. மூன்றாவதும் ஓடியது. எங்கே பார்த்தாலும் ஓட்டம். நிற்கிற ஒன்று இல்லவே இல்லை.

குமட்டலுக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு பொங்கியது. கூடவே அழுகையும்.

"எங்க இருக்கீக? இங்குட்டு வாங்க! போயிருச்சு! அது போயிருச்சு!"

செருப்புச் சத்தம் நிதானமாக வந்தது. மருது பக்கத்தில் குந்தினான்.

அவனுக்குப் பின்னால் சுவர் ஓடியது. வளவுக்கு மேலே வானம் ஓடியது. அவன் ஓடவில்லை.

தோள் நின்றது. சட்டைப் பொத்தான்களை எண்ணிவிடலாம், அப்படி நின்றன. முகம் நின்றது. மூக்கு. வாய். நெற்றியில் பதினெட்டு வருஷமாக அவள் பார்த்த வெட்டுத் தழும்பு. எல்லாம் சரியாக இருந்தன.

"சுத்துதா மீனா?"

குரலும் அவனுடையதுதான்.

"இல்ல."

"கண்ணு ஆடுதே."

அவள் கண்களை மூடினாள். மூடினால் சுற்றல் கூடியது; திறந்தாள். எம் புருஷன் எங்கே என்று கேட்க நாக்கு எழுந்தது. கேட்டால் பதில் வரும். பதில் வந்துவிட்டால் அப்புறம் இந்த வீட்டில் எப்படி இருப்பது? வாசல் முப்பது அடி தள்ளி, கையெட்டாமல் சுழன்றுகொண்டிருந்தது. எழுந்தால் விழுவாள். ஓட முடியாது.

அவன் உள்ளங்கையை நீட்டினான். உலகம் முழுதும் சுழல, அந்தக் கையில் வெள்ளையாக ஒரு மாத்திரை ஆடாமல் இருந்தது.

விழுங்கிக்கொண்டே வந்தால் எல்லாம் நின்றுவிடும். எல்லாம் நின்றால், இவனும் அவற்றில் ஒன்று.

"குடுங்க," என்றாள் மீனம்மாள். வாயைத் திறந்தாள்.

குளிர்ந்த விரல்கள் மாத்திரையை அடிநாக்குவரை தள்ளின. பிறகு, ஆட்டுக்குட்டிக்கு மருந்து புகட்டுவதுபோல அவள் தாடையைச் சேர்த்து மூடி, அவள் விழுங்கும்வரை, விழுங்கிய பிறகும், தொண்டையை மெல்லத் தடவிக்கொண்டே இருந்தன.