ஏழாம் நம்பர் மெஷினில் சுடும் பொத்தான் இல்லை

சுட வேண்டிய பொத்தானை அழுத்தினாள். சுடவில்லை. மவுஸை முன்னால் தள்ளினாள். திரையில் தலை வானத்தைப் பார்க்க வேண்டியது… தரையைப் பார்த்தது. அதற்குள் நாலு அரக்கர்கள் வந்து புஷ்பராணியை ஆளுக்கொரு கடி கடித்துத் தின்று ஏப்பமும் விட்டுவிட்டார்கள்.

"யாரு லா இந்த மெஷினத் தொட்டது?"

அவள் கேட்ட கேள்வி கடல் தாண்டி பட்டர்வொர்த்தில் தூங்கிய பூனைகளை எழுப்பியது. வெளியே மழை. அக்டோபர் மாதத்து ஜார்ஜ்டவுன் மழை… வானத்தைத் தொடும் கொம்தார் கட்டடமே குடை கேட்கிற மழை. பினாங்கு ரோட்டு மாடியில் ஜபருல்லா நடத்திய அந்த சைபர் கஃபேயில், மவுஸ் உருண்டை ஒழுங்காகச் சுற்றுகிற மெஷின் ஏழாம் நம்பர் ஒன்றுதான். யார் எழுந்து போனாலும் அவர் வைத்த செட்டிங் அதில் அப்படியே கிடக்கும். அடுத்து உட்காருகிறவர் தலையில் விடியும்.

ஜபருல்லா கல்லாவிலிருந்தே தாடையை நீட்டிக் காட்டினார்.

அவள் நாற்காலிக்குப் பின்னால் ஒருவன் நனைந்து நின்றான். வலது கை சட்டைப்பைக்குள். மழை அவன் இமையில் தங்கி, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. 'இவ்வளவு பெரிய கண்ணை வச்சுக்கிட்டு ஏன் இப்படிச் செத்தவன் மாதிரி பாக்குறான்…' என்று நினைத்தாள். நினைத்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

"அண்ணே, மவுஸ இடது பக்கம் வச்சிருக்கீங்க. மேல கீழ எல்லாம் தலைகீழா மாத்தியிருக்கீங்க. சுடுற பட்டனையே எடுத்துட்டீங்களே?"

"எனக்கு சுட வேணாம்."

"சுடாம இந்த கேம்ல என்ன பண்ணுவீங்க? அரக்கனுக்குத் தேத்தண்ணி கொடுப்பீங்களா?"

"சும்மா… குறி பாப்பேன். அவ்வளவுதான்."

சிரிக்கத் தெரியாதவன் சிரிப்பை எங்கே வைத்தோம் என்று தேடுவதுபோல் அவன் உதடு கொஞ்சம் அசைந்தது. நல்லமுத்து என்று பெயர் சொன்னான். அவள் தன் பெயரைச் சொல்லவில்லை. ஆனாலும் அன்று பாயான் பாரு பஸ்ஸில் வீடு போகும்வரை அந்தப் பெயர் அவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தது.

புஷ்பராணிக்கும் சிரிக்க அதிகம் காரணம் இல்லை. எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் போன வருஷம் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் உயிர்த்தோழி ரொஸ்னா உட்கார்ந்த ஸ்டூல் இன்னும் காலியாகக் கிடக்கிறது. மைக்ராஸ்கோப்பில் கண்ணைப் புதைத்து, அடுத்தது நம் பெயரா என்று ஷிஃப்ட் முழுக்க நடுங்கிவிட்டு, சாயங்காலம் இங்கே வந்து அரக்கர்களைச் சுடுவாள். எல்லா அரக்கனுக்கும் சூப்பர்வைசரின் மூக்கு.

அதிலிருந்து ஏழாம் நம்பருக்கு யுத்தம் மூண்டது. அவன் தலைகீழாக்கிவிட்டுப் போவான். அவள் நிமிர்த்துவாள். ஒருநாள் வேண்டுமென்றே மவுஸ் வேகத்தை அடிமட்டத்துக்கு இறக்கிவைத்தாள். இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் திரும்புவதற்குள் தைப்பூசம் வந்து போய்விடும். மறுநாள் அவன் உச்சத்துக்கு ஏற்றிவைத்தான். அவள் தும்மியதற்கே திரை பம்பரமாய்ச் சுற்றியது.

"தலை சுத்துது அண்ணே."

"நேத்து எனக்கு நரை வந்துருச்சு. திரும்புறதுக்குள்ள."

சொல்லிவிட்டு அவன் பார்த்தான்… அவள் பார்க்கவில்லை. அவள் பார்த்தாள்… அவன் பார்க்கவில்லை. ஜபருல்லா இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு சாயங்காலம் தேத்தண்ணிக் கிளாஸை வாங்கும்போது அவன் வலது கை சட்டைப்பையை விட்டு வெளியே வந்தது. கட்டைவிரல், சுண்டுவிரல். நடுவில் ஒன்றுமில்லை. அவள் பார்த்ததை அவன் பார்க்கவில்லை.

அவன் போனபிறகு ஜபருல்லா குரலைத் தாழ்த்தினார்.

"ஹார்பர்ல கிரேன் ஓட்டுன பையன் மா. அன்னைக்குக் கீழ இறங்கி, கூட்டாளி பக்கிரிசாமியோட சேந்து கன்டெய்னர் பெட்டிய நேராக்கப் போயிருக்கான். இரும்புக் கயிறு அறுந்துருச்சு. இவனுக்கு விரல் போச்சு. அவனுக்கு உசுரே போச்சு. கயிறு அறுந்த சத்தம் துப்பாக்கி வெடிச்ச மாதிரியே இருந்துச்சாம். அதான் சுடுற பட்டன எடுத்துட்டான்."

"தலைகீழா எதுக்கு பாய்?"

"கிரேன் லீவர் அப்படித்தான். பின்னால இழுத்தா மேல ஏறும். தீபாவளிக்கு முன்னால அவனுக்கு டெஸ்ட் வச்சிருக்காங்க. இடது கையால ஓட்டிக் காட்டுனா திரும்ப கிரேன். இல்லன்னா ஆயுசுக்கும் கீழதான். அந்தக் கைக்குத்தான் இங்க வந்து பழக்கம் கொடுக்குறான்."

அன்று இரவு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. விளையாட்டு என்று நினைத்து ஒரு மனிதனின் பிழைப்பையல்லவா தினமும் கலைத்துப்போட்டிருக்கிறாள்…

மறுநாள் அவனுக்கு முன்னால் ஓடிவந்தாள். மவுஸை இடப்பக்கம் வைத்தாள். மேல்கீழைத் தலைகீழாக்கினாள், சுடும் பொத்தானை எடுத்தாள். அதோடு நின்றிருக்கலாம். கருணை அவ்வளவு சீக்கிரம் நிற்குமா? வேகத்தைக் குறைத்தாள். அரக்கர்களைச் சின்னப்பிள்ளைகள் ஆடும் மட்டத்துக்கு இறக்கினாள்.

நல்லமுத்து உட்கார்ந்தான். அரக்கர்கள் கல்யாணத்துக்கு வந்த பெரியப்பாக்கள்போல ஆடாமல் அசையாமல் வரிசையாக நின்றார்கள். கொஞ்ச நேரம் திரையையே பார்த்தான். பிறகு ஹெட்ஃபோனைக் கழற்றினான்.

"பாய் சொல்லிட்டாரா?"

அவள் தலையாட்டினாள்.

"நேத்து வரைக்கும் என்கிட்ட சண்டை போட்டீங்க. அது ஒண்ணுதான்… இந்தக் கை இப்படியானதுக்கு அப்புறம் எனக்குக் கிடைச்ச மரியாதை." குரல் ஏறவில்லை. அதுதான் அவளுக்கு வலித்தது. "மத்தவங்க எல்லாரும் பாவப்படுறாங்க. கிரேன் எனக்காக மெதுவா சுத்தாதுங்க."

எழுந்து மழைக்குள் போனான். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

ஏழாம் நம்பரை வேறு யாரும் தொடாமல் அவளே காவல் காத்தாள். அவன் வைத்திருந்த பழைய வேகத்தையே திரும்ப வைத்தாள். அரக்கர்களுக்கு மறுபடி பல் முளைத்தது. ஆனால் தலைகீழை நிமிர்த்த மனம் வரவில்லை. இடது கையால், சுடாமல், குறி மட்டும் பார்த்தாள். இழுத்தால் மேலே… தள்ளினால் கீழே… முதலில் சுவரில் முட்டினாள், பள்ளத்தில் விழுந்தாள், இந்த உலகத்து அரக்கர் குலம் மொத்தமும் அவளைத் தின்று கொழுத்தது. மெல்ல மெல்லக் கை பழகியது.

டெஸ்ட் நாள் வந்தது, போனது. தண்ணீர்மலை முருகன் இருக்கும் திசை பார்த்துக் கும்பிட்டுக்கொண்டாள்.

அடுத்த சாயங்காலம் நாற்காலிக்குப் பின்னால் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. திரும்பாமலே தெரிந்தது.

"டெஸ்ட்…?"

"ஃபெயில்."

கை மவுஸிலேயே நின்றுவிட்டது.

"பெட்டி நல்லாத்தான் ஏறுச்சு. கை சொன்னதெல்லாம் கேட்டுச்சு. பிரேக் போடும்போது ஒரு சத்தம் வந்துச்சு பாருங்க… லீவர விட்டுட்டேன். எதிர்ல பக்கிரிசாமி நிக்கிற மாதிரி இருந்துச்சு." பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். "இனி ஹார்பர் கேட்ல நின்னு லாரி நம்பர் எழுதணும். மேல போக முடியாது."

ஆறுதல் சொல்ல அவள் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். ஒருமுறை பாவம் பார்த்துக் கெடுத்தது போதும்.

அவன் திரையைப் பார்த்தான். பிறகு அவள் இடது கையைப் பார்த்தான்.

"ஏன் நீங்க மாத்தல?"

"இன்னைக்கு ஃபேக்டரியில மைக்ராஸ்கோப் குமிழத் தப்பான பக்கம் திருப்பிட்டேன். சூப்பர்வைசர் கத்துறாரு. என் கைக்கு இப்போ உங்க திசைதான் தெரியுது… நான் என்ன பண்ண?"

மழை கூரையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. அவன் மவுஸைத் தன் பக்கம் இழுத்தான். செட்டிங் திரையைத் திறந்தான். காலியாகக் கிடந்த இடத்தில் சுடும் பொத்தானைத் திரும்ப வைத்தான். ஹெட்ஃபோனை மாட்டினான். பொத்தான்மேல் விரலை வைத்தான், அழுத்தவில்லை.

அவள் தன் கையை அந்தக் கையின்மேல் வைத்தாள்.

சுட்டான். தோள் தூக்கிப்போட்டது. கை மட்டும் மவுஸை விடவில்லை… விட அவள் விட்டால்தானே.

ஹெட்ஃபோனின் ஒரு பக்கத்தை விலக்கிக் கேட்டாள். "பயமா இருக்கா அண்ணே?"

"இருக்கு. நாளைக்கும் இருக்கும்." அவன் கண்ணிலிருந்து வழிந்தது மழை என்று ஜபருல்லா நம்பிக்கொண்டார். "ஆனா அண்ணேன்னு மட்டும் இனிமே கூப்பிடாதீங்க. எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு. சண்டை போட்ட அன்னைக்கே பிடிச்சுப்போச்சு."

"அரக்கனுக்குத் தேத்தண்ணி கொடுக்குற ஆளுன்னு நினைச்சப்பவே எனக்கும் பிடிச்சுப்போச்சு," என்றாள் புஷ்பராணி. "இன்னொரு தடவை சுடுங்க. நான் கைய எடுக்க மாட்டேன்."