தூங்குமூஞ்சி பவர் பேங்க்

ஷாமினி அதுவரை மூன்று யூ.எஸ்.பி. சாமான்கள் செய்திருந்தாள்.

முதலில் செய்தது கோப்பை சூடாக்கி. அதன்மேல் வைத்த மைலோ வழக்கம்போல ஆறிக்கொண்டே இருந்தது. அடுத்தது, செருப்பு அலமாரிக்கு ஒரு விளக்கு. நன்றாகவே எரிந்தது. ஆனால் அதன் சுவிட்சைத் தேட இன்னொரு விளக்கு தேவைப்பட்டது.

மூன்றாவதாகச் செய்த மின்விசிறிதான் உருப்படி. பழுதான பொம்மைக் காரிலிருந்து மோட்டார். தயிர் டப்பா மூடியில் வெட்டிய இறக்கைகள். விரல் பட்டுவிடாமல் இருக்க முன்னால் வட்டமாக ஒரு கம்பி வலை. போட்டால் ஹெலிகாப்டர் மாதிரி சத்தம் வரும். கொசு பறந்தது மாதிரி காற்று வரும். ஆனாலும் வரும்.

அந்த வலை எங்கிருந்து கிடைத்தது என்று யாரும் கேட்கவில்லை. அம்மா உஷாராணி மட்டும் அந்த வாரத்திலிருந்து டீ வடிகட்டியைத் தேடிக்கொண்டிருந்தார்.

நான்காவது வேலையைக் கொண்டுவந்தவன் தம்பி குகன்.

குகனுக்கு ஆறு வயது. போன மாதம் அவனுக்கு டிங்கிக் காய்ச்சல் வந்து கிள்ளானில் ஒரு மருத்துவமனையில் படுத்திருந்தான். அம்மா அவன்கூடவே இருந்தார். பன்னிரண்டு வயது ஆகாதவர்களை வார்டுக்குள் விடமாட்டார்கள். ஷாமினிக்குப் பதினொன்று. அடுத்த வருடம் வந்தால் விடுவோம் என்பதுபோல் காவலாளி அவளைப் பார்த்தார்.

அதனால் ஒவ்வொரு நாள் சாயங்காலமும் அவள் கீழே கார் நிறுத்தும் இடத்தில் நின்று, அப்பாவின் கைபேசி டார்ச்சை மேலே தூக்கி ஆட்டுவாள். நான்காவது மாடி ஜன்னலில் ஒரு குட்டிக் கை பதிலுக்கு ஆடும். அதைப் பார்த்த பிறகுதான் அவள் வீட்டுக்குப் போவாள்.

பிள்ளை நல்லபடியாக வீடு திரும்பினால் சின்னக் காவடி எடுக்க வைக்கிறேன் என்று அம்மா முருகனிடம் வேண்டிக்கொண்டிருந்தார். குகன் திரும்பிவிட்டான். கோயில் திருவிழாவும் வந்துவிட்டது.

"அக்கா, என் காவடிக்கு லைட் வேணும்" என்றான் குகன்.

"மயிலிறகுதான் இருக்கே லா. அழகாத்தானே இருக்கு?"

"அழகுக்கு இல்லக்கா. நம்ம தெரு திருமுருகன் அண்ணன் காவடி எவ்ளோ பெருசு! அந்த மாதிரி பெரிய காவடியெல்லாம் முன்னால போகும். நான் பின்னால, கீழ இருப்பேன். முருகனுக்கு என்னை எப்படித் தெரியும்?"

"முருகனுக்கு எல்லாமே தெரியும்டா."

"நீ டார்ச் ஆட்டினாத்தான் நீ எங்க நிக்கிறன்னு எனக்குத் தெரியும். ஆட்டலைன்னா கீழ வெறும் காருதான் தெரியும்."

ஷாமினியிடம் தீபாவளிக்கு வாங்கிய குட்டி விளக்குச் சரம் ஒன்று இருந்தது. அதன் பேட்டரிப் பெட்டி துருப்பிடித்துப்போயிருந்தது.

அவள் பெட்டியை வெட்டி எடுத்தாள். பழைய யூ.எஸ்.பி. கம்பி ஒன்றின் தோலை உரித்தாள். சிவப்பைச் சிவப்போடும் கறுப்பைக் கறுப்போடும் முறுக்கி, டேப் சுற்றினாள். அப்பா செல்வகுமார் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்பவர். அவர் டேப் போட்ட இடத்தைத் தடவிப் பார்த்தார். இழுத்தும் பார்த்தார்.

"எங்க ஃபேக்டரியில சேர்த்துக்கலாம் போலிருக்கே" என்றார்.

சுவரில் இருந்த கைபேசி சார்ஜரில் செருகியதும் சரம் முழுவதும் மின்னியது. சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, அம்மா வடிகட்டியை இன்னொரு தடவை தேடி முடிக்கும்வரை அது அணையவே இல்லை. குகன் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

திருவிழா நாளன்று ஊர்வலம் சாயங்காலம் புறப்பட்டது. உறுமி மேளம் முழங்கியது. முன்னால் திருமுருகன் அண்ணனின் காவடி போனது. அதில் சிவப்பும் பச்சையும் நீலமுமாக விளக்குகள் ஓடிப்பிடித்து விளையாடின. ஒரு ஷாப்பிங் மால் எழுந்து நடந்து போவதுபோல் இருந்தது. அதற்கான கார் பேட்டரியை இருவர் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

அம்மா தலையில் பால்குடத்தோடு கொஞ்சம் முன்னால் நடந்தார். குகன் மஞ்சள் வேட்டி கட்டி, தோளில் காவடியோடு வந்தான். இரண்டு பக்கமும் குட்டிப் பால் செம்புகள் தொங்கின. ஷாமினியின் முதுகுப்பையில் அப்பாவின் பழைய பவர் பேங்க் இருந்தது. அதிலிருந்து கிளம்பிய கம்பி தம்பியின் காவடியில் போய் முடிந்தது. இனி அவன் எங்கே போனாலும் அவளும் போக வேண்டும். அவள் எங்கே போனாலும் அவனும்.

அப்பா பின்னால் வந்தார். அவருக்குக் கிடைத்த பொறுப்பு, குடும்பத்தின் எல்லாச் செருப்புகளையும் சுமப்பது.

"அக்கா, லைட் எரியுதா?" என்றான் குகன். விளக்குகள் அவன் தலைக்கு மேலே வளைவில் இருந்ததால் அவனால் பார்க்க முடியவில்லை.

"ஜம்முன்னு எரியுது" என்றாள் ஷாமினி.

சொல்லி வாய் மூடுவதற்குள் அணைந்துவிட்டது.

அவள் பைக்குள் கைவிட்டு பவர் பேங்க்கின் பொத்தானை அழுத்தினாள். எரிந்தது. கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் அணைந்தது. மறுபடியும் அழுத்தினாள். பழைய பவர் பேங்க், சார்ஜ் நிற்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டாள். வீட்டில் சுவர் சார்ஜரில் போட்டுப் பார்த்தோமே தவிர, இதில் ஒரு தடவைகூடப் போட்டுப் பார்க்கவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது.

"அக்கா, எரியுதா?"

"ம்... எரியுது." பொத்தானில் விரல் இருக்கும்வரை அது பொய் இல்லை.

சாலையின் சூடு இன்னும் இறங்கவில்லை. குகனின் நெற்றியிலிருந்து வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. இரண்டு கையும் காவடியைப் பிடித்திருந்ததால் துடைக்க முடியவில்லை.

"அக்கா, ஃபேன் கொண்டு வந்தியா?"

"பையில இருக்கு. ஆனா அதைப் போட்டா சார்ஜ் சீக்கிரம் தீர்ந்துடும்டா. அப்புறம் லைட் எரியாது."

"அப்போ வேணாம்" என்றான் குகன் உடனே.

அதற்குப் பிறகு அவன் ஃபேனைக் கேட்கவே இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நடந்தான். ஷாமினி அழுத்துவதும் விளக்கு அணைவதுமாகக் கொஞ்ச நேரம் போனது. தண்ணீர்ப் பந்தல் அருகே அவன் நடை தளர்ந்தது. முகம் சிவந்துபோயிருந்தது. காய்ச்சல் நாளில் ஜன்னலில் ஆடிய கை எவ்வளவு மெலிந்திருந்தது என்று அவளுக்கு நினைவு வந்தது.

"அப்பா, கொஞ்சம் நில்லுங்க."

அப்பா அவன் முகத்தைத் துடைத்து, ஒரு மடக்கு தண்ணீர் கொடுத்தார். "காவடியை நான் வாங்கிக்கட்டுமா, குட்டி?"

குகன் தலையை ஆட்டினான். "நான்தான்பா கொண்டு போகணும்."

ஷாமினி அவன் முன்னால் வந்து நின்றாள்.

"குகன், ஒண்ணு சொல்றேன், அழக்கூடாது. லைட் சரியா எரியல. அணைஞ்சு அணைஞ்சு எரியுது. நான்தான் அமுக்கிக்கிட்டே வரேன்."

அவன் கண் கலங்கியது. "அப்போ முருகனுக்கு?"

"முதல்ல உனக்கு ஃபேன் போடறேன். லைட் போனா போகட்டும். அப்பா போன் டார்ச்சை நான் உன் தலைக்கு மேல பிடிச்சுக்கிட்டே வரேன். கோயில் வரைக்கும். கார் பார்க்குல ஆட்டினேன்ல, அதே மாதிரி."

குகன் யோசித்தான். "கை வலிக்குமே?"

"வலிச்சா இன்னொரு கை இருக்குல."

அதை அவனால் மறுக்க முடியவில்லை.

அவள் ஃபேனைக் காவடித் தண்டில் அவன் முகத்தைப் பார்த்தபடி கட்டினாள். அதன் கம்பியைப் பவர் பேங்க்கின் இரண்டாவது துளையில் செருகினாள். ஹெலிகாப்டர் கிளம்பியது. குகன் கண்ணை மூடி, "ஆஆ..." என்றான். காற்றில் அந்தச் சத்தம் நடுங்கியது. அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அவள் டார்ச்சைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். காவடி விளக்கு எரிந்தது. இப்போது அணையும் என்று காத்திருந்தாள். தண்ணீர்ப் பந்தல் போய்விட்டது, அணையவில்லை. கடைவரிசை தாண்டியது, அணையவில்லை. சாலை முனையில் போலீஸ்காரர் நிறுத்திவைத்திருந்த லோரியின் டிரைவர் எட்டிப் பார்த்துக் கையசைத்தார். அப்போதும் அணையவில்லை.

"அப்பா, இது என்னப்பா அதிசயம்?"

"என்னைக் கேக்காத. எனக்குச் செருப்பு டிபார்ட்மெண்ட்தான் குடுத்திருக்காங்க."

அவள் ஃபேன் கம்பியைப் பிடுங்கிப் பார்த்தாள். சிறிது நேரத்தில் விளக்கும் அணைந்தது. "அக்கா, காத்து!" என்றான் குகன். மறுபடியும் செருகிப் பொத்தானை அழுத்தினாள். இரண்டும் ஒன்றாகக் கிளம்பி, நிற்காமல் ஓடின.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

"சார்ஜ் தீரவே இல்லடா! இந்த லைட் ரொம்பக் கொஞ்சமாத்தான் கரண்ட் எடுக்குது. அதனால பவர் பேங்க், 'இங்க யாருமே இல்ல போல'ன்னு நினைச்சு தூங்கிடுது. ஃபேன் நிறைய எடுக்குது. அதனால, 'ஓ, ஆள் இருக்காங்க'ன்னு முழிச்சிருக்கு."

குகன் நடந்துகொண்டே யோசித்தான்.

"நானும் அப்படித்தான்க்கா. ஆஸ்பத்திரியில நீ டார்ச் ஆட்டுறவரைக்கும் முழிச்சிருப்பேன். நீ போனதும் தூங்கிடுவேன்."

ஷாமினியின் கண்ணில் ஏதோ தூசி விழுந்தது. ஃபேன் காற்றாகத்தான் இருக்கும். அவ்வளவு தூரம் வீசக்கூடிய ஃபேன் இல்லை அது.

டார்ச்சுக்கு இனி வேலை இல்லை. ஆனாலும் அவள் கையை இறக்கவில்லை.

கோயிலில் குகனின் இரண்டு செம்புப் பாலும் முருகனுக்குப் போய்ச் சேர்ந்தது. வெளியே வந்ததும் அவன் ஷாமினியின் காதருகே வந்தான்.

"அக்கா, பார்த்துட்டாரு."

"எப்படித் தெரியும்?"

"சிரிச்சாரு. ஃபேன் சத்தம் கேட்டுத்தான் சிரிச்சிருப்பாருன்னு நினைக்கிறேன்."

அதற்குள் அம்மா வந்து குகனைக் கட்டிக்கொண்டார். அவன் கன்னத்தைத் தொட்டார். வேர்த்து நசநசவென்று இருக்கும் என்று நினைத்த கன்னம் காய்ந்திருந்தது. நிமிர்ந்து காவடித் தண்டைப் பார்த்தார். பார்த்தவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஷாமினி. அது என்னது?"

"ஃபேன்மா."

"ஃபேன் சரி. அதுக்கு முன்னால?"

அப்பா அவசரமாகச் செருப்புகளை எண்ணத் தொடங்கினார்.

"கழட்டிடாதீங்கம்மா!" என்றான் குகன். "அந்த ஃபேன் இருந்ததாலதான் லைட் தூங்கவே இல்ல."

அம்மா அவனைப் பார்த்தார். ஷாமினியைப் பார்த்தார். காவடியில் விளக்குகள் இன்னும் மின்னிக்கொண்டிருந்தன.

"முதல்ல வந்து சாப்பிடுங்க" என்றார்.

அடுத்த நாள் அம்மா பாசாருக்குப் போய் டீ வடிகட்டி வாங்கிவந்தார். ஒன்று இல்லை, இரண்டு. ஒன்றை அடுப்படியில் மாட்டினார். இன்னொன்றை ஷாமினியின் மேசையில், கம்பிகளுக்கும் மோட்டார்களுக்கும் நடுவே வைத்துவிட்டு, டீ போடப் போனார்.