ஒற்றைக் கூண்டில் ஒரு மாதம்

"பேசும்னு சொல்லித்தான குடுத்திய? ரெண்டு மாசம் ஆச்சு... கீச்சுகீச்சுங்குதே தவிர, ஒரு வார்த்த வரலையே!"

நனைந்த சட்டையோடு கூண்டை மேசைமேல் வைத்தான் அவன். ஆறுமுகநயினார், திருநெல்வேலிப் பக்கத்துக்காரன், விழிஞ்ஞம் துறைமுகத்தில் வெல்டர். கூண்டுக்குள் பச்சையும் மஞ்சளுமாய் இரண்டு பட்ஜிக் கிளிகள், ஒன்றின் தலையை ஒன்று கோதிக்கொண்டிருந்தன.

அப்பா ராஜையனின் பறவைக் கடையில் அன்று ஜெயஷீலாதான் இருந்தாள். சுள்ளென்று வந்த கோபம், அந்தக் கண்களைப் பார்த்ததும் எங்கேயோ போய்விட்டது. இமை நுனியில் மழைத்துளி... ஓர் ஆணுக்கு எதற்கு இத்தனை நீள இமை? அநியாயம்!

"ஜோடியாட்டு வச்சா நம்மகிட்ட எப்படி பேசும் சேட்டா? அதுங்க ரெண்டும் தங்களுக்குள்ள பேசிக்கிடும். ஆணைத் தனியா வைக்கணும். மூக்குக்கு மேல நீலமா இருக்குல்லா... அதாக்கும் ஆண்."

"பிரிக்கவா? பாவம்லா..." அவன் குரல் இறங்கியது. "ஷிப்ட் முடிஞ்சு கதவத் திறந்தா, ரூம்ல ஒரு குரல் கேக்கணும். அவ்வளவுதான்."

அந்தச் சொல் அவளைத் தைத்தது.

"ரெண்டையும் ஒரு மாசம் இங்க விடுங்க. நான் பேச வச்சுத் தாறேன்!"

தினமும் விடிந்ததும் பின்னறையில் ஆண்கிளியின் கூண்டுத் துணியை விலக்கி, ஒரே சொல்லை ஒரே குரலில் ஐம்பது முறை சொன்னாள். "வந்தியளா?" டிவி கூடாது, வேறு பேச்சுச் சத்தம் கூடாது. மாலையில் நயினார் வருவான். கடை முன்னால் இருந்த பெண்கிளிக்குத் தினை ஊட்டுவான்.

"உங்க மாணவன் எப்படி இருக்கான்?"

"மக்கு! கொண்டுவந்த ஆளப்போல."

அவன் சிரிப்பான்... அதற்காகவே பகல் சீக்கிரம் தேயக்கூடாதா என்றிருந்தது அவளுக்கு.

இருபத்துமூன்றாம் நாள். துணியை விலக்கினாள், அவள் இன்னும் வாய் திறக்கவில்லை. கிளி தலை சாய்த்து அவளைப் பார்த்தது.

"வந்தியளா?"

அவளுடைய குரல்! அவளுடைய அதே இழுப்பு, அதே கொஞ்சல்... உள்ளங்கையில் அடங்கும் ஓர் உயிருக்குள் தன் குரல் போய்க் குடியேறிவிட்டதா? கர்த்தரே, இதென்ன அதிசயம்! மெய் சிலிர்க்க அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பிறகுதான் பயம் வந்தது. பேசிவிட்டதே... இனி எடுத்துக்கொண்டு போய்விடுவான். அப்புறம் எதற்கு வரப்போகிறான்?

"இன்னும் பேசல..." இரண்டு நாள் கூசாமல் பொய் சொன்னாள். மூன்றாம் நாள் பின்னறை வாசலில் அவன் தலை தெரிந்ததும், கிளி தானாகவே கேட்டது.

"வந்தியளா?"

அவன் மூச்சு விடவும் மறந்து நின்றான். கண்கள் கலங்கின. "தெய்வமே... இது உங்க குரல்லா!" கோயிலில் நிற்பதுபோல அவன் கைகள் தாமாகவே குவிந்தன.

இனியும் வரச் சொல்வாள் என்று அவன் காத்திருந்தான்; வருகிறேன் என்று சொல்வான் என்று அவள் காத்திருந்தாள். இரண்டு பேருமே வாயைத் திறக்கவில்லை. சேர்த்து வைத்தால் பேச்சு போய்விடும் என்று பெண்கிளியைக் கடையிலேயே விட்டு, ஆணை மட்டும் கொண்டுபோனான். வீம்பு யாரை விட்டது!

எட்டாம் நாள் மாலை, அதே கூண்டோடு வந்து நின்றான்.

"பேசலன்னாலும் கொண்டு வருவியளோ, பேசினாலும் கொண்டு வருவியளோ? நான் படிப்பிச்சதுல என்ன குறை கண்டிய?"

"குறையே இல்ல. கதவத் திறந்ததும் உங்க குரல் கேக்கு... ஒவ்வொரு நாளும் உள்ள ஓடிப்போய்ப் பாக்கேன். அங்க நீங்க இல்ல. என்னால முடியல ஷீலா."

சொல்லிக்கொண்டே ஆண்கிளியைப் பெண்கிளியின் கூண்டுக்குள் விட்டான். இரண்டும் அலகோடு அலகு ஒட்டிக்கொண்டன.

"ஐயோ, இனி நம்மகிட்ட பேசாதே!"

"பேச வேண்டாம். எனக்கு நீங்க பேசணும்... ஆயுசு முழுக்க."

வெளியே மழை கொட்டியது. அவள் நெஞ்சுக்குள் அதைவிட இரைச்சல்.

"நீங்க கேட்டதுக்கு ரெண்டு நாளைக்கு முன்னாடியே அது பேசிட்டு..." தலை குனிந்து முணுமுணுத்தாள். "நான்தான் மறச்சேன். நீங்க பின்னே வரமாட்டியளோன்னு..."

அவன் முகம் மலர்ந்தது. உடனே கவலையும் வந்தது. "உங்கப்பா?"

"ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிஞ்சு வீட்டுல இருப்பாவ. வந்து கேளுங்க. முதல்ல ஏசுவாவ... வாய் திறக்காம நில்லுங்க." நிமிர்ந்து அவன் கண்களை நேராகப் பார்த்தாள். "ஏசி முடிச்சதும், நான் சம்மதிச்சாச்சுன்னு சொல்லுங்க!"