இருமல் தலையணை

அன்று மதியம் பெரியவனின் நெஞ்சு சத்தம் போடவில்லை.

ஆபரேஷன் முடிந்து வீடு வந்ததிலிருந்து ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே 'டக்' என்று கேட்கும். அறுத்த நெஞ்செலும்பு சரியாகக் கூடவில்லை, கட்டிய கம்பி அசைகிறது என்றார்கள். மல்லாந்து படுத்தபடி, மருந்து நெடியும் மழையில் ஊறிய சுவரின் வாடையும் கலந்த காற்றை இழுத்து இழுத்துப் பார்த்தான், ஒன்றுமில்லை. பிறகு கேட்டது. டக். லேத் பட்டறையில் தளர்ந்த போல்ட்டைக் காதாலேயே கண்டுபிடிக்கிறவன் அவன், திசை தப்பாது. சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம், தம்பியின் அறையில்.

சின்னவனுக்கும் அதே வாரம், அதே டாக்டர் கையால்தான் பைபாஸ். ஆனால் அந்தத் துரை இரண்டொரு நாளிலேயே எழுந்து வராந்தாவில் உலாத்தி, நர்ஸம்மாக்களைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். பெரியவனுக்கோ கிட்னி படுத்துவிட்டது, காயம் சீழ் பிடித்தது, நெஞ்சை மறுபடியும் திறந்தார்கள். போன வாரம் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தே டாக்டர் சொன்னார்.

"தம்பி, உங்களுக்குக் கவலையே இல்ல. பெரியவரே, ஆரம்பத்துலயே இவ்வளவு சிக்கல் வந்தவங்களுக்கு, தேறினாலும் ஆயுசு கொஞ்சம் குறைய வாய்ப்பிருக்கு. ஜாக்கிரதையா இருங்க."

ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானே, அவனுக்கு மட்டும் என்ன சலுகை? பெரியவனுக்கு வயிறு எரிந்தது. தம்பி விசிலடித்துக்கொண்டு படியேறுவதைக் கேட்டாலே எரிந்தது.

இருமும்போது நெஞ்சோடு அணைத்துக்கொள்ள ஆஸ்பத்திரியில் ஆளுக்கொரு குட்டித் தலையணை கொடுத்திருந்தார்கள். நேற்று சின்னவன் குளிக்கப் போன நேரத்தில், பெரியவன் உறைகளை மட்டும் மாற்றிப் போட்டு, தன்னுடைய சீழ்க்கறை படிந்த தலையணையை அங்கே வைத்துவிட்டு அவனுடையதை எடுத்து வந்தான். நீயும் கொஞ்சம் அனுபவிடா என்ற ஆங்காரம், அவ்வளவுதான்.

டக்.

ஐயோ, முதலில் எவ்வளவு சந்தோஷம்! யாரும் தூக்கிவிடாமல் எழுந்து உட்கார்ந்தான். கால் வீக்கம் வடிந்திருந்தது. இத்தனை நாள் நுழையாத செருப்பு சட்டென்று நுழைந்தது. ஆசை தீர மூச்சு விட்டான்.

"அண்ணா... கொஞ்சம் வாயேன்."

சின்னவன் கட்டில் விளிம்பில் குனிந்து உட்கார்ந்திருந்தான். ஜன்னல் பாதி சாத்தியிருந்தது. புண்ணின் அந்தப் பழகிய நாற்றம், தனக்கு மட்டுமே சொந்தமாயிருந்த நாற்றம், இப்போது இந்த அறையில் நின்றது. தம்பியின் பாதங்கள் வீங்கிப் பளபளத்தன. தலையணையை நெஞ்சோடு கட்டிக்கொண்டிருந்தான்.

"தலையணைய மாத்திட்டியாண்ணா?"

"நானா? உனக்கென்ன கிறுக்கா?"

"இல்ல, கனக்குது. உள்ள என்னவோ அசையுது. உன்னோடதுன்னா எடுத்துக்கோ."

கையை நீட்டினால் போதும். ஆனால் நீட்டினால் அந்த டக் திரும்பி வரும். வீக்கம் வரும். குறைந்துபோன வருஷங்களும் தன் கணக்கிலேயே வந்து விழும். இவனோ மறுபடி விசிலடிப்பான்.

"என்னோடது என் ரூம்ல பத்திரமா இருக்கு. நீயே வச்சுக்கோ."

சின்னவன் அவனை நிமிர்ந்து பார்த்தான். கோபம் இல்லை. அதுதான் பெரியவனுக்குத் தாங்கவில்லை.

"சரிண்ணா. நானே வச்சுக்கறேன்."

அப்படியே சாய்ந்து படுத்தான். டக். மழை கொஞ்சம் வலுத்தது. டக். அடுத்ததற்காகப் பெரியவன் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான்.

வரவில்லை.

"டேய்."

கண் திறந்தே இருந்தது. கிட்டே போனான். மூக்கருகே விரல் வைத்தான். காற்றில்லை. நெஞ்சு அசையவில்லை.

தலையணை அசைந்தது.

மெல்ல மேலே. மெல்ல கீழே.

பெரியவன் பயத்தில் மூச்சைப் பிடித்தான். தலையணை நின்றது. விட்டான். அது தணிந்தது. இழுத்தான். அது உயர்ந்தது.

பாய்ந்து பிடுங்கினான். வரவில்லை. தம்பியின் கைகள் அதைப் பிணைத்திருந்தன.

சமையலறையிலிருந்து பெரியவனின் மனைவி கேட்டாள். "என்னங்க, தம்பிக்கு டீ போடவா?"

கத்த வாயைத் திறந்தான். தம்பியின் செத்த விரல்கள், ஒவ்வொன்றாக, தலையணையை இறுக்க ஆரம்பித்தன.