வெறுங்கோப்பை

காலையில் துடைத்துக் கவிழ்த்து வைத்த கோப்பை, பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து பார்க்கும்போது நிமிர்ந்திருந்தது. உள்ளே நாலு விரல் ஆழத்துக்குத் தண்ணீர்.

ஹிதாயா முதலில் கூரையைத்தான் பார்த்தாள். மூன்று நாளாய் மாரி மழை விடாமல் கொட்டுகிறது, ஓடு எங்காவது விலகியிருக்கலாம். ஆனால் பூட்டிய கண்ணாடி அலுமாரியின் மேல்தட்டெல்லாம் காய்ந்து கிடக்க, அடித்தட்டில் இருக்கும் ஒரு கோப்பையை மட்டும் மழை எப்படித் தேடி வரும்? விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தாள். உப்பு. வாவித் தண்ணீர். கூடவே, கைக்குழந்தையைக் குளிப்பாட்டும் சவர்க்காரத்தின் மெல்லிய வாசம்.

"ஸாதியா, நீயா இதுக்குள்ள தண்ணி ஊத்தின?"

"நான் இல்ல உம்மா." ஆறு வயது மகள் கதிரையில் இருந்து படம் கீறிக்கொண்டே சொன்னாள். "அலுமாரித் திறப்பு உங்கட்டத்தானே இரிக்கி."

அது உண்மைதான். திறப்பு ஹிதாயாவின் கழுத்துச் சங்கிலியில் தொங்கியது. கத்தாரிலிருந்து லீவில் வரும் கணவனைக்கூட அந்த அலுமாரியைத் தொட விடமாட்டாள். இருபத்தேழு பெரிய கோப்பைகள், எல்லாம் ஒரு குடும்பமே சுற்றியிருந்து சாப்பிடலாம் என்கிற அளவில். ஏறாவூரில் பழைய வீடொன்றை உடைத்தபோது கிடைத்த பச்சைக்கரைக் கோப்பை, ஓட்டமாவடியில் யாரோ கோழிக்குத் தீன் வைத்திருந்த மஞ்சள் கோப்பை, செய்தவனின் பெருவிரல் தடம் அடியில் அப்படியே பதிந்திருக்கும் கைவேலைக் கோப்பை. எல்லாம் கேட்டு வாங்கியவை. நீல மீன்கள் சுற்றிவர ஓடும் இந்த இருபத்தேழாவது மட்டும் இரவல்.

காத்தான்குடியில் ஒரு வீட்டில் கலியாணம் என்றால் ஒழுங்கையில் உள்ள பெரிய கோப்பைகளெல்லாம் அந்த வீட்டுக்கு வந்துவிடும். மாறிப்போகாமல் இருக்க அவரவர் பெயரின் முதலெழுத்தைச் நகத்துக்குப் பூசும் சிவப்பு கியூட்டெக்ஸால் அடியில் எழுதியிருப்பார்கள். திருப்பிக் கொடுக்கும்போது யாரும் வெறுமையாகக் கொடுப்பதில்லை. ஒரு கைப்பிடி சீனியோ இரண்டு வாழைப்பழமோ உள்ளே இருக்கும். தம்பியின் கலியாணத்துக்கு ஹிதாயா இரவல் வாங்கியது, வாவிக்கரையில் தனியாக இருந்து அப்பம் சுட்டு விற்ற ஸைனம்புவின் கோப்பை. அந்தப் பெண்ணிடம் வேறு பெறுமதியான சாமான் எதுவும் கிடையாது. ஆனாலும் ஹிதாயாவுக்கு ஆசை கண்ணை மறைத்துவிட்டது. அதே போல ஒரு புதுக் கோப்பையைத் தேடிப்பிடித்து, அடியில் 'ஸை' என்று எழுதி, சீனி போடக்கூட மனமில்லாமல் அவசரமாய்க் கொண்டுபோய்க் கொடுத்தாள். அசல் கோப்பையின் எழுத்தை அன்றே பஞ்சால் அழித்தாள்.

ஸைனம்பு கோப்பையின் விளிம்பை ஒருமுறை தடவினாள், அவ்வளவுதான்.

"இது என்ட கோப்பை இல்ல புள்ள."

"அல்லாஹ்வுக்காக மாமி, இது உங்கடதான்."

ஒழுங்கைப் பெண்கள் கூடிவிட்டார்கள். மாமிக்கு மூளை கலங்கிப் போச்சு என்று ஒருத்தி சிரித்தாள். ஹிதாயாவும் சேர்ந்து சிரித்தாள்.

ஸைனம்பு சிரிக்கவில்லை. "என்ட அஸீமாவ நாப்பதாம் நாள் அதுக்குள்ள வெச்சித்தான் குளிப்பாட்டின. ஆறு வயசில அவள வாவி எடுத்துட்டு. மறுகா, நான் அதுக்குள்ள தண்ணி ஊத்திக் கைய விட்டா அவள்ற முதுகு தட்டுப்படும். நீ கொண்டு வந்து தருவாய். ஆனா வெறுங்கோப்பைய நான் வாங்கமாட்டன்கா."

போன வெள்ளிக்கிழமை ஸைனம்பு மௌத்தாகிப் போனாள். வாவிக்கரை வீடு பூட்டிக் கிடக்கிறது.

ஹிதாயா தண்ணீரைக் குசினித் தொட்டியில் கொட்டி, கோப்பையை அழுத்தித் துடைத்தாள். பழந்துணியை மடிப்பதற்குள் அடியிலிருந்து நீர் ஊறி வந்தது, வியர்வை கசிவது போல. கவிழ்த்துப் பார்த்தாள். தான் அழித்த 'ஸை' அங்கே சிவப்பாய் இருந்தது. தொட்டபோது ஈரம் விரலில் ஒட்டியது.

அவளுக்குப் பயம் வந்தது. பயத்தோடு கோபமும் வந்தது. செத்த மனிசிக்கு எதுக்கு இது? சரி, கொடுத்துத் தொலைப்போம். ஒரு கிலோ சீனியைக் கொட்டி, சீப்புப் பழத்தை மேலே வைத்து, துணியால் மூடி, தூறலில் ஒழுங்கை முடிவுவரை நடந்தாள். அழுகிய கண்டல் இலை வாசமும் சேற்று வாசமும் கரையிலிருந்து ஏறி வந்தன. பூட்டிய கதவுக்கு முன்னால், படியில் வைத்தாள்.

"இந்தாங்க மாமி. வெறுமையாத் தரல்ல."

திரும்பி வந்தபோது சீனி அவள் வீட்டு வாசலில் கொட்டிக் கிடந்தது. பழங்கள் நனைந்து, வரிசையாய். அலுமாரி பூட்டியபடி. உள்ளே கோப்பை. தண்ணீர் இப்போது பாதிக்கு மேல்.

"ஸாதியா, ஆராவது வந்தாங்களா?"

"ஒரு மாமி வந்த. என்ட வயசக் கேட்ட."

"நீ என்ன சொன்ன?"

"ஆறு எண்டு சொன்னன்."

ஹிதாயா வளையலைக் கழற்றினாள். மற்றதையும். கழுத்துச் சங்கிலியையும். அலுமாரியைத் திறந்து கோப்பையை வெளியே எடுத்து, எல்லாவற்றையும் அதற்குள் போட்டாள். மகளை உள்ளே விட்டு, கதவை வெளியே பூட்டி, ஓடினாள். தூறல் மழையாகிவிட்டது. செருப்பு ஒன்று சேற்றில் போனது. அதே படியில் வைத்தாள். மூடிய கதவுக்குப் பின்னால் யாரோ தண்ணீரை அள்ளி ஊற்றும் சத்தம். நின்றது. மறுபடியும்.

ஓடி வந்து கதவைத் திறந்தாள். வாசல் மிதியடியில் நகைகள். ஒவ்வொன்றாய், ஒழுங்காய். ஒன்றும் குறையவில்லை.

அலுமாரியைப் பார்த்தாள்.

அடித்தட்டு காலி. கோப்பை இல்லை.

வாங்கிவிட்டாள். அல்ஹம்துலில்லாஹ், வாங்கிவிட்டாள். ஹிதாயா சுவரில் சாய்ந்து அழுதாள், சிரித்தாள். அப்புறம்தான் கதிரையைப் பார்த்தாள்.

கதிரை நனைந்திருந்தது. கீறிய படம் கீழே கிடந்தது. நீல மீன்கள். நடுவில் இரண்டு பிள்ளைகள்.

"ஸாதியா."

அறையில் இல்லை. குசினியில் இல்லை. யன்னல்கள் எல்லாம் உள்ளே கொளுவியிருந்தன.

"ஸாதியா!"

பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொல்லத் தொடங்கியது. அவள் வெறுங்காலோடு ஓடினாள்.

ஸைனம்புவின் கதவில் பூட்டு அப்படியே தொங்கியது. படியில் கோப்பை. விளிம்புவரை தண்ணீர். தண்ணீருக்கு மேலே ஸாதியாவின் முகம் மட்டும். நாற்பது நாள் பிள்ளை மட்டுமே கொள்ளும் கோப்பை. அதற்குள் ஆறு வயதுப் பிள்ளை கழுத்துவரை இருந்தாள். யாருமில்லாத இடத்திலிருந்து அவள் உச்சந்தலையில் தண்ணீர் விழுந்தது, மெதுவாய், பதமாய். ஒவ்வொரு தடவை விழும்போதும் ஸாதியா கைக்குழந்தை போலக் கண்ணை இறுக்கி மூடினாள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கீழே போனாள்.

தாடை. வாய். கண்கள். முடி.

ஹிதாயா விழுந்து கையை உள்ளே விட்டாள். முழங்கைவரை. தோள்வரை. அடி தட்டவில்லை. உப்புத் தண்ணீர் அவள் வாய்க்குள் வந்தது.

விரலில் ஒரு சின்ன முதுகு தட்டுப்பட்டது.

பக்கத்தில் இன்னொன்று.

இரண்டும் ஒரே அளவு. இரண்டும் குளிர்ந்திருந்தன.