கால் ஊன்றாமல் ஓர் எட்டு

'டம்'மென்று பின்னாலிருந்து ஓர் இடி. லைசன்ஸ் டெஸ்ட் வரிசையில் அவள் உட்கார்ந்திருந்த பைக் ஒரு முழம் நகர்ந்து, முன்னால் நின்றவரின் வண்டியை உரசாத குறையாக நின்றது. திரும்பாமலே கத்தினாள்.

"கண்ணு தெரியலையா சார்?"

"கண்ணு நல்லாத் தெரியுது... கிளட்ச்தான் கை நழுவிடுச்சு. மன்னிச்சுக்கோங்க."

கோபத்தோடு திரும்பினாள். ஹெல்மெட்டுக்குள் இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன. ஐயோ... இந்தக் கண்களா! லேபுக்குப் போகும் காலை பஸ்ஸில், டிரைவர் தலைக்கு மேலே இருக்கும் கண்ணாடியில், எட்டு மாதமாக அவள் பார்க்கும் கண்கள். ஐம்பது பேரைச் சுமந்துகொண்டு அலட்டாமல் ரோட்டைப் பார்க்கும். எப்போதாவது, ஒரே ஒரு நொடி... அவளையும் பார்க்கும். இன்று அந்தக் கண்களில் நிதானம் இல்லை. பயம்தான் இருந்தது.

"நீங்க... பஸ் டிரைவர்தானே?"

"மெதுவாங்க, மானம் போயிடும்! நான் இங்க வந்தது டெப்போவுல யாருக்கும் தெரியாது." குரலைத் தாழ்த்தினான். "நீங்க முன் சீட்டு, ஜன்னலோரம். சரியா?"

கவனித்திருக்கிறான்! அவள் காது மடல் சூடானது.

"லேப்ல ரத்தம் எடுக்கிற வேலை. எல்லாரும் ஊசின்னுதான் கூப்பிடுவாங்க."

"பொருத்தமான பேருதான்... பார்வையே குத்துது."

சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது. எதிரே மைதானத்தில் வெள்ளைக் கோடு போட்ட எட்டு அவளுக்காகக் காத்திருந்தது. கோட்டைத் தாண்டாமல், கால் தரையில் படாமல், மூன்று தடவை சுற்றி வர வேண்டும். ராத்திரி பெய்த மழையில் இரண்டாவது வளைவில் தண்ணீர் தேங்கியிருந்தது.

அந்தத் தண்ணீரிலிருந்து அவளால் கண்ணை எடுக்க முடியவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இப்படித்தான் ஓர் ஈரமான வளைவு. பைக் பழகிக்கொண்டிருந்தாள். பின்னால் அண்ணன். 'பிரேக்கை அமுக்காதே!' என்று அவன் கத்தியபோது அமுக்கிவிட்டிருந்தாள். அவளுக்கு முழங்கையில் சிராய்ப்பு. அண்ணனுக்கு இடது காலில் கம்பி. இன்றும் விந்தி விந்தித்தான் நடக்கிறான். அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இப்போது லேபில், வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்க பைக் ஓட்டத் தெரிந்தவர்கள்தான் வேண்டும் என்றுவிட்டார்கள். மாசக் கடைசிக்குள் லைசன்ஸ் இல்லையென்றால் வேறு வேலை பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அம்மாவுக்குத் தெரியாமல் அண்ணனின் பைக்கை எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். சாவியை எடுத்துக் கொடுத்தது அண்ணன்தான்.

"அடுத்து!" இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார்.

எத்தனையோ நரம்பில் ஊசி ஏற்றிய கை, ஆக்ஸிலேட்டரில் வெடவெடத்தது. முதல் வளைவு... தப்பித்தாள். இரண்டாவது வளைவு... தண்ணீர்... தண்ணீர்... தண்ணீர்...

கால் தானாகத் தரையில் இறங்கியது.

"கால் ஊனிட்டீங்கம்மா. அடுத்த செவ்வாய்க்கிழமை வாங்க."

வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தவளிடம் அவன் தணிந்த குரலில் சொன்னான். "நல்லாத்தான் ஓட்டுனீங்க. கீழேயே பார்த்துட்டிருந்தீங்க, அதான். போற பக்கம் பார்த்தா..."

அழுகை கோபமாக மாறி வெடித்தது. "வண்டியில ஏறி உக்காரவே கை நடுங்குது, எனக்குச் சொல்லித்தர வந்துட்டீங்களா? இவ்ளோ பெரிய பஸ் ஓட்டுற டிரைவர்... பைக்கைப் பார்த்தா பயமா?"

வரிசையே திரும்பிப் பார்த்தது. யாரோ 'கொல்'லென்று சிரித்தார்கள். அதே நேரம் அவன் முறை வந்தது. அவன் போகவில்லை. முகம் கறுத்து, பைக்கைத் தள்ளிக்கொண்டே கேட்டைத் தாண்டித் தூறலில் நடந்துவிட்டான்.

நாக்கைக் கடித்துக்கொண்டாள். என்ன பேச்சு பேசிட்டேன்...

மறுநாள் பஸ்ஸில் கண்ணாடிக்குள் இருந்த கண்கள் அவள் பக்கம் வரவே இல்லை. அதற்கடுத்த நாளும் அப்படியே. வெள்ளிக்கிழமை அவள் தன் ஸ்டாப்பில் இறங்காமல் கடைசி ஸ்டாப் வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் இறங்கிய பிறகு டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"என்னை மன்னிச்சிடுங்க. அன்னிக்கு என் மேல இருந்த கோபத்தை உங்க மேல கொட்டிட்டேன்."

அவன் ஸ்டீயரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான். "நீங்க சொன்னது நிஜம்தான். பயம்தான். அதைப் போக்கத்தான் பைக் பழகுறேன். போன வருஷம் மழையில ஒருத்தர் பைக்கோட சறுக்கி என் பஸ்ஸுக்கு முன்னாடி விழுந்தாரு. பிரேக் அடிச்சு நிறுத்திட்டேன். இறங்கிப் பார்த்தா... சக்கரத்துக்கும் அவர் தலைக்கும் நடுவுல ஒரு சாண்தான். அவரு எழுந்து தூசியத் தட்டிட்டுப் போயிட்டாரு. நான்தான் இன்னும் எழுந்திருக்கல."

அவள் அண்ணனைப் பற்றிச் சொன்னாள். வெளியாள் யாரிடமும் சொல்லாததை, எப்படி இவனிடம் மட்டும்... தெரியவில்லை. சொல்லி முடித்தபோது அவன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். அது போதுமாக இருந்தது.

"செவ்வாய்க்கிழமை வருவீங்களா?" என்றாள்.

"நீங்க வந்தா வருவேன்."

ஆனால் திங்கட்கிழமை சாயங்காலம், கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த ஹெல்மெட் அம்மா கண்ணில் பட்டுவிட்டது.

"ஒரு பிள்ளையோட கால் போனது பத்தாதா உனக்கு?"

இரண்டு வருஷமாக வராத வார்த்தை. அவள் போய்ப் படுத்துக்கொண்டாள். இனி பைக்கும் வேண்டாம், லைசன்ஸும் வேண்டாம். முடிந்தது.

காலையில் கண் விழித்தபோது, அண்ணன் சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் பைக்கைப் பிடித்தபடி நின்றான்.

"கிளம்பு. நான் பின்னாடி உக்காந்துக்கிறேன்."

"வேணாண்ணா... பயமா இருக்கு."

"எனக்கு மட்டும் இல்லையா? அதுக்காக ரெண்டு பேரும் ஆயுசுக்கும் வீட்டுக்குள்ளயே கிடக்குறதா? ஏறுடி!"

அம்மா உள்ளேயிருந்து வந்தாள். தடுக்கப்போகிறாள் என்றுதான் இவள் நினைத்தாள். அம்மா அண்ணனின் தாடைக்குக் கீழே ஹெல்மெட் கொக்கியை மாட்டினாள். பிறகு மகளுக்கும் மாட்டினாள்.  "மெதுவாப் போ," என்று மட்டும் சொன்னாள்.

வழி நெடுக அண்ணனின் கைகள் அவள் தோளை இறுக்கிப் பிடித்திருந்தன. ஒவ்வொரு திருப்பத்திலும் இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள்.

மைதானத்தில் டிரைவர் முன்பே வந்து நின்றிருந்தான்; வரிசையில் அவளைத் தனக்கு முன்னால் விட்டான். மேகம் இருண்டு கிடந்தது. அவள் முறை வந்ததும் தூறலும் ஆரம்பித்தது... சரியாக இப்போதுதானா!

முதல் சுற்று.  இன்றும் தண்ணீர் தேங்கியிருந்த வளைவு நெருங்கியது. பார்வை கீழே இறங்கப் பார்த்தது. வலுக்கட்டாயமாக நிமிர்த்தினாள். எதிர்ப்பக்கம் மழையில் நனைந்தபடி அவன் நின்றிருந்தான். அவனையே பார்த்தாள். வண்டி அவள் பார்வையின் பின்னாலேயே வளைந்து வந்தது. இரண்டாவது சுற்று... மூன்றாவது...

"பாஸும்மா. அடுத்து!"

அண்ணன் விந்திக்கொண்டே ஓடி வந்து அவள் ஹெல்மெட்டில் ஒரு குட்டு வைத்தான். அவன் கண்கள் கலங்கியிருந்தன.

அடுத்து டிரைவர். முழுசாக ஒரு சுற்று போனான்! இரண்டாவது சுற்றில் அந்தத் தண்ணீர் இவனையும் விடவில்லை. 'சளக்'கென்று கால் உள்ளே இறங்கியது.

"அட, நம்ம பஸ் டிரைவருப்பா!" என்று வரிசையில் ஒருவர் சத்தமாகச் சிரித்தார். அவள் பதறிப்போய் அவனைப் பார்த்தாள். அவனும் சிரித்துக்கொண்டிருந்தான். நனைந்த ஷூ 'சளக் சளக்'கென்று முனக, நேராக அவளிடம் வந்தான்.

அண்ணனுக்குத் திடீரென்று தூரத்தில் இருந்த அறிவிப்புப் பலகையைப் படித்தாக வேண்டியிருந்தது. போய்விட்டான்.

"ஒண்ணு சொல்லணும். இப்பச் சொல்லலைன்னா தைரியம் போயிடும்," என்றான் டிரைவர். "நீங்க ஏறுற ஸ்டாப்புல மட்டும் பஸ் அரை நிமிஷம் கூடுதலா நிக்கும். கவனிச்சிருக்கீங்களா? எட்டு மாசமா அப்படித்தான் நிறுத்துறேன். எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு."

 "நான் லீவு போட்ட நாள்ல?"

"அன்னிக்குத்தான் ரொம்ப நேரம் நின்னேன். எல்லாரும் திட்டுனாங்க."

மழை வலுத்தது. என்ன சொல்ல... எப்படிச் சொல்ல... அவள் கை இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. அந்தக் கையையே அவனிடம் நீட்டினாள்.

"எனக்கும் பிடிச்சிருக்கு," என்றாள்.